பிபி மாத்திரையும் வயிற்றுப் பிரட்டலும்

(மூத்த குடிமக்களுக்காக நடந்த மருத்துவக் கூட்டமொன்றில் பொதுநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மாரடைப்பு, பக்கவாதம் என்றால் மேடை போட்டுப் பேச ஆள் உண்டு. குமட்டலுக்கு ஒரு கூட்டமா என்று அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் சிரித்திருப்பீர்கள். பிபி மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டு, பிறகொரு நாள் வாய் கோணி, ஒரு கை விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறவர்களின் வீட்டாரை விசாரித்துப் பாருங்கள். "ஏன் நிறுத்தினாரு?" "போட்டா வயித்தைப் பிரட்டுதுன்னாருங்க." காசில்லை, மறந்துபோச்சு, பிபிதான் நார்மல் ஆயிடுச்சே என்கிற பதில்களும் வரும். அவற்றுக்கு இன்னொரு கூட்டம் வேண்டும். இன்றைக்கு வயிற்றுப் பிரட்டல் மட்டும்.

எல்லா பிபி மாத்திரைகளையும் பற்றிப் பேசப்போவதில்லை. கால்சியம் சேனல் பிளாக்கர் என்று டாக்டர்கள் சொல்லும் குடும்பம் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு கிளை. அம்லோடிபின், நிஃபெடிபின், சில்னிடிபின் என்று 'டிபின்' என முடிபவை ஒன்று. இவை முக்கியமாக ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். வெராபமில், டில்டியாசெம் இரண்டும் மற்றொரு கிளை. இவை இதயத் துடிப்பின் வேகத்தையும் குறைக்கும். இந்த அரங்கில் இருப்பவர்களில் பிபிக்காரர்கள் கையைத் தூக்கினால் பாதிக் கைகள் அம்லோடிபின் கைகளாக இருக்கும் என்பது என் ஊகம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருகிற மாத்திரைகளிலும் அது உண்டு. விலை குறைவு, ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும், அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவையில்லை. நல்ல மாத்திரை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதில் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போய், இன்றிரவே யாரும் அட்டையைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது.

இதயத்துக்கான மருந்து வயிற்றில் ஏன் கை வைக்கிறது? இதற்கு லண்டன் குழாய்த் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். சிட்னி ரிங்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1880களின் தொடக்கத்தில் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து, உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். இதயம் நன்றாகத் துடித்தது. காய்ச்சி வடித்த நீரில் உப்புக் கரைத்தாலே இதயத்துக்குப் போதும் என்று எழுதியும் விட்டார். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கரைசல் வடித்த நீரில் தயாரானதல்ல. நியூ ரிவர் கம்பெனி சப்ளை செய்த குழாய்த் தண்ணீரில் தயாரானது. உண்மையிலேயே வடித்த நீரில் கரைசலைத் தயாரித்துப் பார்த்தார். இதயம் சோர்ந்து நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்து, வடித்த நீரில் இல்லாமல் போன பொருள் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். 1883இல் அவர் இதைத் திருத்தி வெளியிட்டார். இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் ஏற்றும் 'ரிங்கர் லாக்டேட்' பாட்டிலில் அவர் பெயர் இருக்கிறது, கால்சியமும் இருக்கிறது.

கால்சியம் இல்லாமல் இதயத் தசை சுருங்காது. அப்படியானால் கால்சியம் உள்ளே போவதைக் கொஞ்சம் குறைத்தால்? 1960களில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஷ்டைன் என்ற உடலியல் ஆய்வாளர் இதைக் கண்டார். வெராபமில் கொடுத்த இதயத் தசை, கால்சியம் கிடைக்காத தசையைப் போலவே தளர்ந்தது. கூடுதலாகக் கால்சியம் சேர்த்தால் மறுபடி சுருங்கியது. இந்த மருந்துக் குடும்பத்துக்குக் கால்சியம் எதிர்ப்பிகள் என்ற பெயர் அங்கேதான் பிறந்தது. செல்லின் சுவரில் கால்சியத்துக்கென்று சின்னச் சின்ன மதகுகள் இருக்கின்றன. மாத்திரை அந்த மதகுகளின் பலகையைப் பாதி இறக்கிவிடுகிறது. தண்ணீர் வரத்து குறைகிறது, தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது.

சிக்கல் இங்கேதான். அந்த மதகு ரத்தக் குழாய்த் தசையில் மட்டும் இல்லை. உணவுக்குழாய், இரைப்பை, குடல், கருப்பை, ஆசனவாய்ச் சுருக்குத் தசை எல்லாவற்றிலும் இருக்கிறது. மருத்துவர்களே இதைப் பயன்படுத்திக்கொள்வதைப் பாருங்கள். குறைமாதத்தில் வலி கண்டால் பிரசவத்தைத் தள்ளிப்போட நிஃபெடிபின் தருகிறோம். கருப்பைத் தசை தளர வேண்டும் என்பதற்காக. மூல வெடிப்பு என்று நீங்கள் சொல்லும் ஆசனவாய் வெடிப்புக்கு டில்டியாசெம் களிம்பு எழுதுகிறோம். உணவுக்குழாயின் அடிவாசல் திறக்காமல் சோறு நெஞ்சிலேயே நிற்கும் நோய்க்கும் நிஃபெடிபின் உதவும். அடிவாசல் திறக்காதவருக்கு அது மருந்து. சரியாக மூடியிருந்தவருக்கு அதே தளர்ச்சி, புளித்த நீர் மேலே ஏறி வரும் தொந்தரவு. அதுவும் இதுவும் ஒரே வேலைதான்.

இரைப்பைக்கும் ஒரு துடிப்பு உண்டு. நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று முறை அது அலை அலையாகச் சுருங்கி, சாப்பாட்டை அரைத்துக் கீழே தள்ளும். அந்த அலையின் பலம் குறைந்தால் இட்லி நான்கு தின்றவருக்குக்கூட வயிறு கல் மாதிரி கனக்கும். வெராபமில் குடலையும் சேர்த்து மந்தமாக்கும். அந்த மாத்திரையின் முதல் புகார் மலச்சிக்கல். மூன்று நாள் வெளிக்குப் போகாதவருக்குக் குமட்டல் வராமல் வேறென்ன வரும்? இன்னொரு வழி தலையிலிருந்து வருகிறது. குழாய்கள் வேகமாக விரிந்து பிபி சட்டென்று இறங்கினால் முகம் சூடாகும், தலை கிறுகிறுக்கும், கூடவே ஓங்கரிப்பு வரும். பழைய காலத்து, உடனே கரையும் நிஃபெடிபினில் இது அதிகம். அந்த மாத்திரையின் தகவல் தாளில் குமட்டலும் நெஞ்செரிச்சலும் 11 சதவீதம் என்று போட்டிருக்கும். அதே மருந்தை மெதுவாகக் கரையும் மாத்திரையாகச் செய்தபின் குமட்டல் 3.3 சதவீதம். மருந்து மாறவில்லை, அது ரத்தத்தில் ஏறுகிற வேகம் மாறியது. அதனால்தான் மெதுவாகக் கரையும் மாத்திரையை விழுங்கக் கஷ்டமாக இருக்கிறதென்று அம்மியில் வைத்துப் பொடிக்கக் கூடாது என்கிறோம். பொடித்தால் 24 மணி நேரத்துக்கான சரக்கு ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கிவிடும்.

அம்லோடிபின் கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் அந்த மருந்தோடு வரும் தகவல் தாளில் ஒரு பரிசோதனை விவரம் இருக்கிறது. 1730 பேருக்கு அம்லோடிபின், 1250 பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. குமட்டல் சொன்னவர்கள் அம்லோடிபின் தரப்பில் 2.9 சதவீதம். வெற்று மாத்திரைத் தரப்பில் 1.9 சதவீதம். இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். நூறு பேரில் மூன்று பேருக்குக் குமட்டல். அதில் இரண்டு பேருக்கு வெறும் மாவைக் கொடுத்திருந்தாலும் குமட்டியிருக்கும். மனுஷ வயிறு என்றால் அப்படித்தான். கல்யாணச் சாப்பாடு, ராத்தூக்கமின்மை, மருமகளோடு மனஸ்தாபம், எல்லாம் அதில் பேசும். ஆக, உங்கள் குமட்டலுக்கு அம்லோடிபின்தான் காரணம் என்று நீங்கள் சத்தியம் செய்தாலும், வேறு ஏதோ காரணமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதற்காக, எல்லாம் உங்கள் மனப்பிரமை என்று டாக்டர் தள்ளிவிடவும் உரிமையில்லை. அந்த மூன்றாவது ஆள் நீங்களாகவே இருக்கலாம்.

மூன்றாவது ஆள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடிகாரம் உதவும். அம்லோடிபின் விழுங்கிய ஐந்தாவது நிமிஷம் குமட்டுகிறது என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அது ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ஐந்து நிமிஷத்தில் வரும் குமட்டல் ரத்தத்தில் ஏறிய மருந்தின் வேலையல்ல. வெறும் வயிற்றில் காப்பியோடு தள்ளியதன் வேலையாக இருக்கலாம், கூடப் போட்ட வேறு மாத்திரையின் வேலையாக இருக்கலாம். "நேத்து ஒரு நாள் நிறுத்திப் பார்த்தேன் டாக்டர், குமட்டல் போகலை, அதனால இந்த மாத்திரை காரணமில்லை" என்பவர்களும் தப்பாகவே கணக்குப் போடுகிறார்கள். ரத்தத்தில் அம்லோடிபின் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம். முழுக்க வெளியேற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆரம்பிக்கும்போதும் அப்படித்தான், ஏழெட்டு நாள் கழித்தே அளவு நிலைக்கு வரும். ஆகவே மாத்திரை ஆரம்பித்த அல்லது அளவு கூட்டிய முதல் இரண்டு வாரத்தில் புதிதாக வந்த குமட்டலானால் சந்தேகம் நியாயம். மூன்று வருஷமாக ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போன புதன்கிழமை முதல் குமட்டுகிறதென்றால், போன வாரம் புதிதாக என்ன நடந்தது என்றுதான் தேட வேண்டும்.

மதுரைப் பக்கத்துப் பாட்டி ஒருவர். "மாத்திரை போட்டாலே கொமட்டிக்கிட்டு வருது தாயி" என்றார். மாத்திரைகளைக் காட்டுங்கள் பாட்டி என்றேன். ஜவுளிக்கடை மஞ்சப்பையை மேசை மேல் அப்படியே கவிழ்த்தார். அம்லோடிபின் 5 மில்லிகிராம் அட்டை ஒன்று. வேறொரு டாக்டர் எழுதிய, பெயரின் கடைசியில் ஏ.எம். என்று முடியும் மாத்திரை ஒன்று. பின்பக்கம் பொடி எழுத்தில் டெல்மிசார்ட்டன் 40, அம்லோடிபின் 5 என்று இருந்தது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். கேஸ் மாத்திரை என்று ஒரு சிவப்புக் கேப்ஸ்யூல். கால் வீங்கியதற்காக யாரோ கொடுத்த நீர் மாத்திரை. இரண்டு இடத்தில் பார்த்தார். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பாட்டிக்கு அந்தப் பொடி எழுத்து தெரியாது. ஒரு நாளைக்கு அம்லோடிபின் 5 என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே போனது 10. அம்லோடிபினில் கால் வீக்கம் அளவைப் பொறுத்துக் கூடும்: 5 மில்லிகிராமில் நூற்றுக்கு மூன்று பேருக்கு, 10 மில்லிகிராமில் பத்துப் பதினோரு பேருக்கு. ஒரு அட்டையை எடுத்து வைத்தோம். கால் வீக்கம் வற்றியது, நீர் மாத்திரையும் போயிற்று. குமட்டல் பாதிதான் குறைந்தது. மீதிப் பாதி மெட்ஃபார்மினின் பங்கு; அதைக் காலையில் வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போடச் சொன்னதும் அடங்கியது. சர்க்கரையும் பிபியும் ஒன்றாக இருப்பவர்கள் குமட்டுகிறது என்றால் முதலில் மெட்ஃபார்மினைச் சந்தேகப்படுங்கள். இந்தப் பழி பெரும்பாலும் பிபி மாத்திரை மேல் தவறாக விழுகிறது.

அந்தச் சிவப்புக் கேப்ஸ்யூலைப் பற்றிச் சொல்லாமல் போகமாட்டேன். நம் ஊரில் குமட்டல் என்று மருந்துக் கடையில் வாயைத் திறந்தால் கையில் வருவது பாண்டோபிரசோலும் டாம்பெரிடோனும் சேர்ந்த மாத்திரை. இரண்டு நாள் போட்டால் தப்பில்லை. வருஷக்கணக்கில் காலையில் பல் துலக்கியதும் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். டாம்பெரிடோன் இதயத்தின் மின் ஓட்டத்தைக் குலைக்கக்கூடியது. 2014இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடிவாளம் போட்டது: குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் கூடாது. வெராபமிலும் டில்டியாசெமும் கல்லீரலில் டாம்பெரிடோன் கழிவதைத் தடுத்து அதன் அளவை ஏற்றிவிடும். இதய மாத்திரையால் வந்த குமட்டலை நிறுத்த இதயத்தையே தொந்தரவு செய்யும் மாத்திரை! இதைவிட விசித்திரம் வேறு உண்டா?

இன்னொரு சங்கிலியும் இருக்கிறது. குமட்டல், வயிற்றெரிச்சல் என்று போனவருக்கு வயிற்றில் கிருமி என்று சொல்லி இரண்டு வாரத்துக்கு ஒரு கிட் எழுதுவார்கள். அதில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பெரும்பாலும் இருக்கும். அது அம்லோடிபினையும் நிஃபெடிபினையும் உடலில் தேக்கிவைக்கும். பிபி அளவுக்கு மீறி இறங்கலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் முதியவர்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மாத்திரைகளோடு கிளாரித்ரோமைசின் சேர்ந்தவர்கள், வேறொரு ஆன்டிபயாடிக் எடுத்தவர்களைவிட அதிகமாகச் சிறுநீரகப் பாதிப்போடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தது தெரிந்தது. கிருமிக்கு மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிட் எழுதும் டாக்டரிடம் பிபி மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள் என்கிறேன். பிபிக்கு ஒண்ணு போடறேன் என்று சொன்னால் போதாது, அட்டையைக் காட்டுங்கள்.

டிகாக்சின் போடுகிறவர்கள் இங்கே ஓரிருவர் இருக்கலாம். வால்வு நோய், ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு அது தருவோம். வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1785இல், டிகாக்சின் கிடைக்கும் டிஜிட்டாலிஸ் செடியைப் பற்றி எழுதிய புத்தகத்திலேயே, அளவு மிஞ்சினால் குமட்டும், வாந்தி வரும், கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரியும் என்று குறித்துவைத்தார். டிகாக்சினோடு வெராபமில் சேர்ந்தால் ரத்தத்தில் டிகாக்சின் அளவு கணிசமாக ஏறும். இவர்களுக்கு வருகிற குமட்டல் வயிற்று விவகாரம் அல்ல. இஞ்சிச் சாறு குடித்து அடக்கிவிட்டு வீட்டில் படுக்கக் கூடாது, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். வெராபமிலோ டில்டியாசெமோ அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரையோடு சேர்ந்திருந்து, குமட்டலோடு தலைசுற்றலும் மயக்கமும் வந்தால் நாடித் துடிப்பு ஆபத்தாக இறங்கியிருக்கலாம். அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

எந்த மாத்திரைக்கும் சம்பந்தமில்லாத குமட்டலும் உண்டு. இதயத்தின் அடிப்புறச் சுவரில் வரும் மாரடைப்பு குமட்டலும் வாந்தியுமாகத் தொடங்குவது சகஜம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலி தெளிவாக இல்லாமலே போகலாம். திடீர்க் குமட்டல், கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்கல், தாடையிலோ இடது தோளிலோ ஒரு இறுக்கம் என்றால் கேஸ் என்று சோடா குடிக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். பிபியால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் குமட்டல் வரும். கிரியாட்டினின் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசியுங்கள். கர்ப்பிணிகளுக்கு, பிந்தைய மாதங்களில் பிபியோடு குமட்டலும் மேல்வயிற்று வலியும் தலைவலியும் சேர்ந்தால் நிஃபெடிபின் மேல் பழி போடாமல் உடனே பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் இல்லை, அந்த மூன்றாவது ஆள் நான்தான் என்று உறுதியானால்? செய்ய நிறைய இருக்கிறது. நிறுத்துவது மட்டும்தான் கூடாது. சாப்பாட்டுக்குப் பின் போடலாம். அம்லோடிபின் உடலில் சேர்வதைச் சாப்பாடு தடுக்காது. இரவுக்கு மாற்றலாம், தூங்கும்போது குமட்டல் தெரியாது. இரவில் போட்டால் பலன் குறையுமோ என்று பயப்பட வேண்டாம். பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டோரிடம் பிபி மாத்திரைகளைக் காலையிலும் மாலையிலும் போடச் செய்து ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை. அளவைப் பாதியாக்கி வேறொரு வகை மாத்திரையைச் சேர்க்கலாம், குடும்பத்தையே மாற்றலாம். இவை இரண்டையும் டாக்டர் செய்ய வேண்டும். வயிற்றுக்கு இதமாக இருக்கிறதென்று தினமும் நுரைக்கும் பொடி கலக்கிக் குடிக்கிறவர்கள் அதை விட்டுவிடுங்கள். அதில் இருக்கும் சோடியம் நீங்கள் குழம்பில் குறைத்த உப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். பக்கவிளைவை நீங்களே புகாராகவும் பதியலாம். 1800 180 3024 என்ற கட்டணமில்லாத எண் அதற்கென்றே இருக்கிறது. காசியாபாத்தில் இருந்து இயங்கும் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண்.

துண்டுச் சீட்டில் கேள்விகள் வந்திருக்கின்றன. தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னரிசினும் கால்சியம் மதகைத்தான் மூடுகிறது என்று பேரன் சொன்னானாம், அது எப்படிக் குமட்டலை நிறுத்துகிறது என்று ஒருவர். பேரன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அது வேலை செய்யும் இடம் முக்கியமாக உட்காதும் மூளையும். பஸ் பயணக் குமட்டல் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அதையும் மாதக்கணக்கில் போட்டால் முதியவர்களுக்குக் கை நடுக்கம் வரலாம்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, மாத்திரைகளை எங்கே வைப்பது என்று ஒரு அம்மா. எட்டாத உயரத்தில், பூட்டி. வெராபமிலோ நிஃபெடிபினோ, ஒன்றிரண்டு மாத்திரைகூடத் தவழும் குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

கடைசிச் சீட்டு, கிரேப்ஃப்ரூட் சாப்பிடக் கூடாது என்கிறார்களே, நம்ம பப்ளிமாஸ் சாப்பிடலாமா? கனடாவில் டேவிட் பெய்லி என்பவர் 1980களின் இறுதியில் ஃபெலோடிபினையும் மதுவையும் சேர்த்து ஆராய்ந்தபோது, மதுவின் ருசி தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார். ரத்தத்தில் ஃபெலோடிபின் பல மடங்கு ஏறியது. காரணம் சாறு என்று அப்படித் தெரிந்தது. கிரேப்ஃப்ரூட்டே பப்ளிமாஸுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்பினம். ஃபெலோடிபின், நிஃபெடிபின், வெராபமில் போடுகிறவர்கள் பப்ளிமாஸைத் தள்ளிவையுங்கள். அம்லோடிபினில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. எப்போதாவது நாலு சுளை சாப்பிடுங்கள். கமலா ஆரஞ்சுக்கு யாருக்கும் தடையில்லை.